காவேரிக் கழிமுகத்துக்கு நாம் பட்ட கடன்

பினாங்குத் துறையில் வந்திறங்கிய நம் முன்னோரில் பலர், காவேரியின் கிளையாறுகள் கடலோடு கலக்கும் நாகப்பட்டினம் தாலுகாவின் நெல்வயல்களில் பிறர் நிலத்தை உழுது, தமக்கென்று ஒரு காணி நிலமும் இல்லாத தாரித்திரியத்தால் கப்பலேறி, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும், 1910ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்த பின்னர்க் கங்காணிகள் வழியே ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவர்கள். ‘ரஜூலா’ கப்பல் இவ்விரு கரைகளையும் பல்லாண்டுகள் இணைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோரையும் இங்கே 50க்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டு, துயரத்தாலும் நம்மை உறவினராக்கியது.

ஆயினும், பாட்டனார் எந்தக் கிராமத்திலிருந்து, எக்காரணத்தால் புறப்பட்டார் என்பதை அறியாத சந்ததி இங்கே வளர்ந்து வருகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, அங்கு வாழ்ந்தோர் நாலா திசைகளிலும் சிதறிவிட்டனர். ஆதலின், எஞ்சியுள்ள முதியோரின் வாய்மொழிகளைப் பதிவுசெய்து, குடும்பங்களில் கிடக்கும் பழைய கடவுச்சீட்டுகளையும் கடிதங்களையும் திரட்டிப் பாதுகாப்பது நம் தமிழ்ப் பள்ளிகளும் சங்கங்களும் உடனே மேற்கொள்ள வேண்டிய கர்த்தவ்யமாகும். கழிமுகத்தை விளைநிலமாகக் காக்க 2020இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அம்மண்ணின் மக்களுடைய சரித்திரத்தைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.