கவுன்சிலிங் சைக்காலஜி: இனி தபால் வழியில் படிக்க முடியாதா?

செஞ்சி அருகே பனமலை போன்ற ஊர்களில், ‘வேலைக்குப் போயிட்டே கவுன்சிலிங் சைக்காலஜி படிச்சிடலாம்’ என நினைப்பவர்களுக்குத் தொலைதூரக் கல்விதான் எளிய வழி. அந்தக் கதவு இப்போது மூடப்பட்டுள்ளது.

என்ன காரணம்?

2021-ம் ஆண்டின் துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் உளவியலும் இடம்பெற்றுள்ளது. இதனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல், தொலைதூர, ஆன்லைன் உளவியல் படிப்புகளுக்கு யுஜிசி தடை விதித்தது.

தடையில் நியாயம் உண்டு. மனமுடைந்து வருபவரிடம் பேசுவதைப் புத்தகத்தில் மட்டும் கற்க முடியாது. ஆனால், தினமும் பஸ் ஏற முடியாதவர்களுக்கு இது இழப்புதான்.

சேரும் முன்...

பல்கலைக்கழகம் சிறியதா என்பது பிரச்னை இல்லை. யுஜிசி அங்கீகாரம் இருக்கா, நேரடிப் பயிற்சி எங்கே என்று கேளுங்க. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ ஆக கவுன்சிலிங் பட்டம் மட்டும் போதாது. ஆர்சிஐ அங்கீகரித்த தனிப் படிப்பும் பதிவும் கட்டாயம்.