மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு மணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு எனக் கட்டந்தோறும் இரட்டித்துத் தானியம் வைக்குமாறு வேண்டி, அரசனைத் திகைக்கச் செய்த அறிஞனின் கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். பலகையிலுள்ள கட்டங்கள் 64. இன்னும் மூன்று கட்டங்களைக் கூட்டினால், 67 கட்டங்களிலுமுள்ள மணிகளின் மொத்தம் 147,573,952,589,676,412,927 ஆகும். 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவதும் இதுவே. 21 இலக்கங்கொண்ட இவ்வெண்ணுக்குச் சுவையான வரலாறு ஒன்றுண்டு.

1644ஆம் ஆண்டில் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, இவ்வகை எண்களுள் முதன்மை எண்கள் எவையென ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததே முதன்மை எண் என்பதை மாணவர் அறிவர். அப்பட்டியலில் நமது எண்ணும் இடம்பெற்றிருந்தது. எழுதியவரோ பேரறிஞர், சோதிக்கப் புகுந்தால் கணக்கோ மலைபோன்றது. 232 ஆண்டுகள் கழிந்தன.

1876இல் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், தாம் கண்ட சோதனை முறையால் இது முதன்மை எண் அன்று என நிறுவினார். விந்தை யாதெனில், இதன் காரணிகள் எவையென அவரும் அறியார்! களவு நடந்தது உறுதி; கள்வன் மட்டும் அகப்படவில்லை.

1903 ஒக்டோபர் 31இல் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியது. பேராசிரியர் பிராங் நெல்சன் கோல் எழுந்தார். வாய் திறவாது கரும்பலகையை அணுகி, ஒரு பக்கத்தில் நமது எண்ணை வருவித்தார். மறுபக்கத்தில் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கினார். இரண்டும் ஒன்றாயின. அவர் மௌனமாகவே சென்று அமர, அவை கைதட்டி ஆரவாரித்தது என்பர். இதற்கு எவ்வளவு காலம் சென்றதெனப் பின்னர் ஒருவர் வினவ, “மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்” என்றாராம்.

மாணவர்காள், நீங்களும் சற்றுச் சோதித்துப் பாருங்கள். முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37, மீண்டும் கூட்டினால் 10, பின்னர் 1. இரண்டாவதற்கு 64, 10, 1. பெருக்கத்திற்கு 109, 10, 1. ஒன்றை ஒன்றாற் பெருக்க ஒன்றே. இச்சோதனை தவறினால் விடை பிழையென்பது திண்ணம். தவறாவிடினும் விடை சரியென்பதற்கு அது முழுச் சான்றாகாது.

இன்னொரு நுட்பம்: இவ்வெண்ணின் எந்தக் காரணியையும் 67இன் இருமடங்காகிய 134ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 193,707,720ஐ 134ஆல் வகுத்தால் மீதியின்றி 1,445,580 வருவதைக் காண்க. தேடும் பரப்பை இவ்விதி வெகுவாகச் சுருக்குகின்றது.

இன்றைய கணினி இக்காரணிகளை இமைப்பொழுதில் தந்துவிடும். ஆயினும், புத்தகத்தின் இறுதிப் பக்கத்து விடையை முதலிற் பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்கும் மாணவரைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோலின் நினைவே வருகின்றது. பெரியோர் கூற்றாயினும் செய்து பார்த்தே கொள்ளல் வேண்டும் என்பதே கணிதம் கற்பிக்கும் ஒழுக்கம்.

உங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு: 29 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 536,870,911. இதற்கு மூன்று முதன்மைக் காரணிகள் உண்டு. 58ஆல் வகுக்க மீதி 1 வரும் எண்களாகிய 59, 117, 175 என்னும் வரிசையில் தேடுங்கள். முதற் காரணி வெகு தொலைவில் இல்லை!