பூட்டிய அலமாரிக்குப் புதுப் பெயரா?

“அறிவு மேலாண்மை” என்று ஒரு புதிய மந்திரம் நமது அரசுப் பல்கலைக்கழகங்களில் ஓதப்பட்டு வருகிறது. ஆலோசகர்கள் வருகிறார்கள், திரையில் படம் காட்டுகிறார்கள், நல்ல தலைமை வேண்டும், நல்ல மென்பொருள் வேண்டும், பகிர்ந்து கொள்ளும் மனோபாவம் வேண்டும் என்று உபதேசித்துவிட்டுப் போகிறார்கள். கனவான்கள் தலையாட்டுகிறார்கள். தலைமை வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் அறிவை உண்டாக்குகிறவர் யார், அவருடைய வேலை நிரந்தரமா, அவர் எழுதியது யாருக்குச் சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் இவர்களுக்குக் காது கேட்காது!

இந்தச் சாஸ்திரம் கம்பெனிகளில் பிறந்தது. இத்துறையினர் வேதமாகக் கொண்டாடும் நூலை 1995-ல் நோனாகா, தகேயுச்சி என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் எழுதினார்கள். அதில் பிரசித்தமான ஒரு கதை உண்டு. மாட்சுஷிடா கம்பெனி வீட்டில் ரொட்டி சுடும் யந்திரம் ஒன்றைச் செய்ய முயன்றது. ரொட்டியின் மேற்புறம் கருகியது, உள்ளே வேகவில்லை. கடைசியில் கம்பெனியின் பெண் ஊழியர் ஒருவர் ஒசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டித் தொழிலாளியிடம் போய்க் கூட இருந்து கற்றார். அந்தத் தொழிலாளி மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்ற ரகசியம் அப்போதுதான் தெரிந்தது. 1987-ல் யந்திரம் கடைக்கு வந்தது. லாபம் யாருக்குப் போயிற்று என்று கேட்காதீர்கள். அது சாஸ்திரத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

ஆனால் அந்தக் கதை சொல்லும் உண்மை பெரியது. அறிவில் பெரும்பகுதி கோப்பிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. உழைப்பவரின் கையிலும் அனுபவத்திலும் இருக்கிறது. அது மற்றொருவருக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இருவரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்குக் காலம் வேண்டும்.

சரி, இவர்களுடைய வேதத்தையே இவர்களுடைய வாசலில் வைத்துப் பார்ப்போம். நமது கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் ஏராளமானோர் “கௌரவ விரிவுரையாளர்கள்”. கௌரவம் பெயரோடு சரி! மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் அறிவித்தது. அந்தத் தொகையைக் கேட்டே தமிழ்நாட்டு ஆசிரியர்கள் வீதியில் இறங்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வேலை உண்டா இல்லையா என்று தெரியாத ஒருவர், பரிசோதனைச் சாலையின் நுணுக்கத்தை யாருக்குச் சொல்லித் தருவார்? எந்த ஏடு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அறிந்த நூலகர் ஓய்வு பெறுகிறார்; அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அவரோடு நூலகத்தின் ஞாபகமும் வீட்டுக்குப் போய்விடுகிறது. எந்த மென்பொருள் இதைத் திரும்பக் கொண்டுவரும்?

இனி சொந்தம் யாருக்கு என்ற கேள்வி. பேராசிரியருக்குச் சம்பளம் பொதுப் பணம். ஆராய்ச்சிக்கு மானியம் பொதுப் பணம். கட்டுரையைப் பரிசீலித்துத் திருத்துகிற வேலையையும் பெரும்பாலும் பேராசிரியர்களே கூலியின்றிச் செய்கிறார்கள். அச்சேறியதும் அது பிரசுரக் கம்பெனியின் சொத்தாகிவிடுகிறது. அதைப் படிக்க அதே பல்கலைக்கழகம் மறுபடியும் பணம் கட்ட வேண்டும்! இந்த வியாபாரத்தின் கொழுப்பைப் பாருங்கள்: எல்செவியரை உள்ளடக்கிய ரெல்எக்ஸ் குழுமத்தின் விஞ்ஞான, மருத்துவப் பிரிவு 2023-ல் 306 கோடி பவுண்டு வரவில் 116 கோடிக்கு மேல் லாபம் கண்டது. நூற்றுக்கு 38! எந்த மில் முதலாளி இப்படிக் கண்டிருக்கிறான்?

அப்படியானால் வெற்றியே கிடையாதா? உண்டு. சோத்கங்காவைப் பாருங்கள். ஆராய்ச்சிப் பட்டம் பெறுகிறவர்களின் ஆய்வேடுகளை யாரும் காசின்றிப் படிக்கும் பொதுக் களஞ்சியம் அது. ஒரு காலத்தில் பல்கலைக்கழக அலமாரியில் தூசி படிந்து கிடந்தவை இன்று லட்சக்கணக்கில் வெளியே வந்திருக்கின்றன. அது ஓடுவது டிஸ்பேஸ் என்ற விலையில்லா மென்பொருளில். ஆலோசகரின் மந்திரத்தால் இது நடக்கவில்லை. 2009-ல் மானியக் குழு விதி போட்டது. பட்டம் அறிவிக்குமுன்பே ஏட்டை ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ல் இறுக்கியது. கட்டாய விதி, பொது நிறுவனம், காசு கேட்காத கதவு — வேலை நடந்தது. பிரேஸிலில் 1997-ல் பொதுப் பணத்தில் தொடங்கிய சைலோவும் இப்படித்தான். சஞ்சிகைகளையே இலவசமாகத் திறந்து வைத்தது.

டில்லி வழக்கையும் மறக்க வேண்டாம். பாடப் பகுதிகளைப் பிரதியெடுத்து மாணவர்களுக்குத் தந்த ராமேஸ்வரி கடை மீதும் டில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் கம்பெனிகள் 2012-ல் வழக்குத் தொடுத்தன. மாணவர்கள் தாங்களும் வழக்கில் நுழைந்து வாதாடினார்கள். 2016 செப்டம்பர் 16-ல் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டுக்குப் பின் 2017 மார்ச்சில் கம்பெனிகள் வழக்கையே கைவிட்டன. எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் இந்த மாணவர்களுக்கு ஓர் அத்தியாயம் இருக்காது.

மத்திய சர்க்கார் 2024 நவம்பரில் “ஒரே தேசம், ஒரே சந்தா” திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பிரசுரக் கம்பெனிகள், சுமார் 13,000 சஞ்சிகைகள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். கிராமத்துக் கல்லூரி மாணவன் டில்லி மாணவன் படிப்பதையே படிக்கலாம் என்றால் அதை வரவேற்கிறோம். ஆனால் இது வாடகை வீடு. குத்தகைக் காலம் 2025, 2026, 2027. அதற்குப் பிறகு விலையை யார் தீர்மானிப்பது? ஒவ்வொரு கம்பெனிக்கும் எவ்வளவு கொடுக்கப்படுகிறது, காலம் முடிந்தபின் பழைய இதழ்களைப் படிக்கும் உரிமை யாருக்கு, நமது பேராசிரியர்கள் எழுதியவற்றின் பிரதி நமது களஞ்சியத்தில் நிற்குமா — ஒப்பந்தங்களை முழுமையாக மக்கள் முன் வைக்கட்டும். அடுத்த குத்தகைக்குக் கையெழுத்துப் போடுமுன் பல்கலைக்கழக ஆசிரியர்களையும் நூலகர்களையும் மாணவர்களையும் அழைத்துக் கேட்கட்டும். அந்த 6,000 கோடியில் ஒரு பங்கை ஒதுக்கினால் எத்தனை நூலகர் பணியிடங்களை நிரப்பலாம் என்ற கணக்கையும் கூடவே வெளியிடட்டும்.