பக்கெட்டும் வாத்தியம்தான்!



போன மாத இதழில் மரம் வளர்ப்பு பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் வம்பான விஷயம். யாரும் கோபப்படாமல் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுங்கள்.

ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி தேர்வு செய்தார்கள் அல்லவா? அதில் நாங்கள் ஐந்து பேர் தாளம் வாசித்துக் காட்டினோம். எங்களிடம் இருந்தது இரண்டு பக்கெட், ஒரு தண்ணீர் கேன், ஒரு எவர்சில்வர் குடம், ஒரு டிபன் பாக்ஸ். மொத்தம் நாலு நிமிடம். பாதி வாசிக்கும்போதே சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. "இது நிகழ்ச்சி இல்லம்மா, விளையாட்டு. ஏதாவது பாட்டு போட்டு டான்ஸ் ஆடுங்க" என்று சொன்னார்கள். இன்னொரு குரல், "பொம்பளப் புள்ளைங்க பாத்திரத்த உருட்டுறதுக்கு மேடை எதுக்கு? அதான் வீட்ல தினமும் உருட்டுறாங்களே" என்றது. அது யார் என்று நான் எழுதப் போவதில்லை. எல்லோரும் சிரித்தார்கள், எங்களில் ஒருத்தியும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

எங்களுக்கு இந்த யோசனை வந்ததே டிரம்ஸ் சிவமணியைப் பார்த்துத்தான். அரையாண்டு லீவில் அடையாறில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி.யில் அவர் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. தலையில் ஒரு துணிக்கட்டு, கழுத்தில் மணி மாலைகள். சாதாரணமாக டிரம்ஸ் வாசிப்பவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி வாசிப்பார்கள். வலது காலில் பெரிய டிரம், இடது காலில் இரண்டு தட்டு ஒன்றோடு ஒன்று மோதும் ஹை-ஹேட், நடுவில் 'சட சட' என்று பேசும் ஸ்நேர், சுற்றி மற்ற டிரம்களும் பித்தளைத் தட்டுகளும். ராக் இசை என்றால் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை. அதில் இரண்டாவதும் நாலாவதும் ஸ்நேரில் விழும். நீங்களே 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்று எண்ணிக்கொண்டு ரெண்டிலும் நாலிலும் மட்டும் கை தட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

சிவமணி அந்த செட்டோடு நிற்பதில்லை. உடுக்கை, கஞ்சிரா, கடம் என்று நம்ம ஊர் வாத்தியங்கள், பெயர் தெரியாத வெளிநாட்டு வாத்தியங்கள் எல்லாவற்றையும் அரை வட்டமாகக் கடை பரப்பி வைத்திருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எழுந்து ஓடுகிறார். பிறகு ஒரு சூட்கேஸைத் தட்டுகிறார். பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டுகிறார். தண்ணீர் கேனை, சமையல் பாத்திரத்தை, கைக்கு எது அகப்படுகிறதோ அதைத் தட்டுகிறார். நான் முதலில் சிரித்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் இல்லையா? எங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்த அதே சிரிப்புதான்.

சித்தப்பா சொன்னார், "சிரிக்காத. கண்ணை மூடிக்கிட்டு எண்ணு."

எண்ணினேன். டிரம்ஸில் ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை சூட்கேஸிலும் ஓடியது. பக்கெட்டுக்குப் போனபோதும் ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. சத்தம்தான் மாறுகிறது, கணக்கு மாறவில்லை. அவர் ஒரு கேள்வி மாதிரி தட்டினால் ஜனங்கள் கைதட்டிப் பதில் சொல்கிறார்கள். அதுவும் சரியாக அதே எண்ணிக்கையில் வந்து விழுகிறது. கண்ணைத் திறந்த பிறகுதான் அது பக்கெட் என்பதே திரும்ப ஞாபகம் வந்தது.

அவர் சென்னையில் 1959-ல் பிறந்தவர். அப்பா ஆனந்தன் சினிமாப் பாடல்களுக்குத் தாளவாத்தியம் வாசித்தவர். சிவமணி சின்ன வயசிலேயே ஆரம்பித்துவிட்டார். ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு வருவதற்கு முன்னாலேயே இருவரும் ஒரே இசைக்குழுவில் வாசித்திருக்கிறார்கள். 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது சேப்பாக்கம் மைதானத்தில் சென்னை அணிக்காக இவர் டிரம்ஸ் வாசித்தாராம். சித்தப்பா நேரில் போய், "மேட்ச் பாதி, டிரம்ஸ் பாதி" என்று பார்த்துவிட்டு வந்தவர். 2019-ல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அறுபது வயதுக்கு மேலும் மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

"அவர் பெரிய ஆள், அவர் எதைத் தட்டினாலும் கை தட்டுவாங்க" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரண்டு நாள் கழித்து தி.நகரில் வேறொன்று பார்த்தேன்.

அத்தை மகளுக்குச் சீர் பாத்திரம் வாங்க உஸ்மான் ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனோம். நல்ல கூட்டம். அத்தை ஒவ்வொரு பித்தளைக் குடத்தையும் தூக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு குடம் 'ணங்ங்ங்' என்று நீளமாக இழுத்தது, அதை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்னொன்று 'டப்' என்று நின்றது. "இதுல எங்கயோ கீறல் இருக்கு" என்றாள். கடைக்காரர் இல்லவே இல்லை என்று சாதித்தார். திருப்பிப் பார்த்தால் அடியில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்! அத்தை எந்த சங்கீத வகுப்புக்கும் போனதில்லை. ஆனால் காது இருக்கிறது. சிவமணி சூட்கேஸ் கடையில் என்ன செய்வாரோ அதைத்தான் அத்தை பாத்திரக் கடையில் செய்தாள் என்று எனக்குத் தோன்றியது. இதைச் சொன்னதும் அத்தை என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அதுவும் தாளத்தோடு!

நம் அறிவியல் புத்தகத்தில் ஒலி பாடம் இருக்கிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. வீட்டில் செய்து பாருங்கள். காலி எவர்சில்வர் குடத்தை ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு பாதி தண்ணீர் ஊற்றித் தட்டுங்கள். சுருதி இறங்கிவிடும். குடத்தின் சுவர் அதிரும்போது தண்ணீரின் கனத்தையும் சேர்த்து அசைக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதிர்வெண் குறைகிறது. கிண்ணங்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் வைத்து வாசிக்கும் ஜலதரங்கம் இதே கணக்குதான். எங்கள் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய எங்களுக்கு மூன்று நாள் ஆனது. கழுத்துக்கு நாலு விரல் கீழே. தேர்வு அன்று அதை யாரும் கேட்கவே இல்லை!

அந்த லீவு மார்கழியில் வந்ததால் சித்தி என்னை மயிலாப்பூரில் ஒரு சபாவுக்கும் கூட்டிப் போனாங்க. பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. அங்கே மேடையில் ஒருவர் மண்பானையை மடியில் வைத்து வாசித்தார். அதுதான் கடம். வாயைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்து, கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் விலக்கினால் 'தொம்' என்ற சத்தம் மாறுகிறது. கழுத்தில் ஒரு சத்தம், நடு வயிற்றில் ஒரு சத்தம், அடியில் ஒரு சத்தம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம். (அங்கே ரவா தோசை நன்றாக இருக்கும் என்பதும் உண்மை.) ஆனால் பானையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பானை என்பது தண்ணீர் ஊற்றி வைக்கிற சாமான்தானே? கடத்துக்கென்று மானாமதுரையில் தனியாக மண் குழைத்துச் செய்கிறார்கள், சமையல் பானை மாதிரி இல்லை என்பது தெரியும். ஆனாலும் முதன்முதலில் யாரோ ஒருவர் வீட்டுப் பானையைத்தான் தட்டியிருப்பார். அவரையும் யாராவது, "எதுக்குப் பானைய உருட்டுற?" என்று கேட்டிருப்பார்கள். விக்கு விநாயக்ராம் அதே கடத்தை உலகம் முழுக்க எடுத்துப் போனார். அமெரிக்காவின் ராக் டிரம்மர் மிக்கி ஹார்ட்டோடு சேர்ந்து 'பிளானெட் டிரம்' என்ற 1991-ம் வருட ஆல்பத்தில் வாசித்தார், அதற்கு கிராமி விருது கிடைத்தது. பானைக்கு கிராமி, பக்கெட்டுக்குக் கேலியா?

"பொம்பளப் புள்ளைங்க" என்று சொன்னதற்கும் ஒரு பதில் இருக்கிறது. சுகன்யா ராம்கோபால் என்ற அம்மா சென்னையில்தான் கடம் கற்றார். விக்கு விநாயக்ராமே முதலில், பெண்ணுக்குக் கடம் கஷ்டம், விரல் தாங்காது என்று தயங்கினாராம். விக்குவின் அப்பா ஹரிஹர சர்மா, திருவல்லிக்கேணியில் தாளவாத்தியப் பள்ளி நடத்தியவர், தானே முன்வந்து அவருக்குக் கற்றுக் கொடுத்தார். பிற்காலத்தில் சுகன்யா அம்மா வேறு வேறு சுருதியில் கடங்களை வரிசையாக வைத்து வாசிக்க ஆரம்பித்தார். விரல் தாங்கியது!

வேறு மாதிரி வாசித்தாலே தப்பு என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல ஆசை. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவில் ரிங்கோ ஸ்டார் என்று ஒரு டிரம்மர். இடதுகைக்காரர். அவருடைய பாட்டி அவரை வலது கையால் எழுதப் பழக்கிவிட்டார்களாம். டிரம்ஸும் வலதுகைக்காரர்களுக்கு அடுக்குகிற மாதிரிதான் அடுக்கி வைத்திருப்பார். ஆனால் இடது கையை முன்னால் விடுவார். அதனால் ஒரு டிரம்மிலிருந்து அடுத்த டிரம்முக்குப் போகும்போது கொஞ்சம் திக்கித் திரும்பிப் போகிற மாதிரி ஒரு நடை வந்துவிட்டது. அந்தத் திக்கலே அவருடைய அடையாளம் ஆகிவிட்டது. எங்கள் குழுவிலும் கேன் வாசிப்பவள் இடதுகைக்காரி. அவளை மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தோம், ரிங்கோ கதை தெரிந்ததும் விட்டுவிட்டோம்.

எதிர்த் தரப்பையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் தமிழம்மா மார்க் குறைத்துவிடுவார்கள். எங்கள் பாட்டி கேட்டாள்: "அந்த மனுஷன் மொதல்ல டிரம்ஸ ஒழுங்கா கத்துக்கிட்டாரு. அப்புறம் பக்கெட்டுக்கு வந்தாரு. நீங்க பக்கெட்லயே ஆரம்பிச்சா எப்படி?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாட்டி சொல்வது சரி. சிவமணி பக்கெட்டில் வாசிப்பது பக்கெட்டால் வந்த திறமை இல்லை, பல வருஷம் டிரம்ஸில் பழகிய கை அது. பக்கெட்டைத் தட்டியவர்கள் எல்லாம் சிவமணி ஆகிவிட முடியாது. அதோடு, அவர் நிகழ்ச்சியில் சில இடங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் கூடிக்கொண்டே போய் எண்ணிக்கையே காதில் விழாமல் போகிறது. அமைதியாக விரல் நுனியால் வாசித்த இடம்தான் பிடித்தது.

ஆனால் நம் பள்ளியில் டிரம்ஸ் இல்லை. இருக்கிற ஒரே பேண்ட் டிரம்மில் ஒரு பக்கம் கிழிந்து ரொம்ப நாள் ஆகிறது. கிழியாமல் இருந்த காலத்திலும் அதைப் பையன்கள்தான் கழுத்தில் மாட்டினார்கள். அப்படியானால் நாங்கள் எதில் கற்றுக்கொள்வது? டிரம்ஸ் வரும் வரைக்கும் எண்ணாமல் உட்கார்ந்திருப்பதா?

நாங்கள் சும்மா தட்டவில்லை. எட்டு எண்ணிக்கை ஆதி தாளத்தில் ஆரம்பிக்கிறோம். பெரிய பக்கெட் முதல் தட்டை மட்டும் பிடிக்கும். டிபன் பாக்ஸ் மூடி இடைவிடாமல் ஓடும். குடமும் கேனும் மாற்றி மாற்றிப் பேசும். முதலில் எட்டு எண்ணிக்கைக்கு ஒருத்தர், பிறகு நாலு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று சுருங்கிக்கொண்டே வரும். மயிலாப்பூர் கச்சேரியில் மிருதங்கமும் கடமும் இப்படித்தான் செய்தன, அதற்குக் குறைப்பு என்று பெயர் என சித்தி சொன்னாங்க. கடைசியில் ஒரே அடியை மூன்று முறை சொல்லி, மூன்றாவது முறை ஐந்து பேரும் சேர்ந்து முதல் எண்ணிக்கையில் வந்து விழ வேண்டும். பத்து முறை வாசித்தால் ஏழு முறை விழுகிறோம். தேர்வு அன்று அந்த இடம் வருவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

என் கோரிக்கை சின்னது. இன்னொரு முறை, முழு நாலு நிமிடமும், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாட்டு போட்டு டான்ஸ் ஆடிவிடுகிறோம்.

தினமும் மதியம் சாப்பாடு மணி அடித்த பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வாசிக்கிறோம். ஆசிரியர்களும் வரலாம். ஒரு விஷயம்: பெரிய பக்கெட்டில் அடிப்பக்கம் விரிசல் விட்டுவிட்டது, அத்தையின் குடம் மாதிரி 'டப்' என்கிறது. யார் வீட்டிலாவது காலியான 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் இருந்தால் கொண்டு வந்து கொடுக்கவும். மூடி வேண்டாம்.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி