சிரங்கு உள்ளே போகவில்லை, களிம்பும் குற்றவாளி இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் முழுதாகப் படியுங்கள்.

நம் குடும்பக் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "சிரங்குக்குக் களிம்பு போட்டு அமுக்காதீங்க, அது உள்ள போயி கிட்னியில உக்காந்துரும், பிள்ளைக்கு மூஞ்சி வீங்கிரும்" என்கிறது அந்தக் குரல். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு போட்டவர்களில் அறிவியல் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

சிரங்குக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டு. அதுவரை சரி. ஆனால் நடப்பதே வேறு. சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி புகுந்து சீழ் வைக்கிறது. அதே கிருமி தொண்டைப்புண்ணையும் உண்டாக்கும். அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. மேல்வகுப்பில் நெஃப்ரான் படம் வரைந்திருப்பீர்களே, ஒவ்வொரு சிறுநீரகத்திலும் அப்படிச் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள். கிருமியின் துகளும் எதிர்ப்பொருளும் சேர்ந்த கட்டுகள் அங்கே படிந்து அழற்சியைக் கிளப்புகின்றன. சிரங்கு உள்ளே போய் உட்காரவில்லை. நம் உடலின் படையே சொந்த வீட்டைச் சேதப்படுத்துகிறது.

இந்த வேலை நடக்க நாள் பிடிக்கும். தொண்டைப்புண் என்றால் ஒன்று முதல் மூன்று வாரம், தோல் புண் என்றால் மூன்று முதல் ஆறு வாரம். அதற்குள் புண் காய்ந்து தழும்பாகிவிடும். அம்மாவுக்கு நினைவிருப்பது கடைசியாகத் தடவிய களிம்பு மட்டும்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! களிம்பு போடாமலே விட்டிருந்தால் கிருமிக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டாவின் ரெட் லேக் பகுதியில், பூர்வகுடிப் பிள்ளைகளிடையே 1953-லும் 1966-லும் இதே நோய் கூட்டமாகப் பரவியது. வேலூர் சி.எம்.சி.யில் எழுபதுகளிலேயே நம் பிள்ளைகளிடம் இந்தக் கிருமியைத் தேடி ஆய்வு செய்திருக்கிறார்கள். நெருக்கமான வீடு, ஒரே பாய், குளிக்கத் தண்ணீர்ப் பஞ்சம், இவை இருக்கும் இடமெல்லாம் அது வரும். கோடையில் நம் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு குடம் தண்ணீருக்கு என்ன பாடு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், அல்லது சிறுநீரே குறைவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். அந்த நேரத்தில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு நாள் காத்திருப்பது கொடுமை. வீக்கத்துக்கு உப்பைக் குறைத்த நம் அப்பத்தாக்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் "நீர் பிரியட்டும்" என்று இளநீர் கொடுப்பது ஆபத்து. சிறுநீர் குறைந்த பிள்ளைக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி இதயத்தைத் தாக்கும். இன்னொன்று, "கிட்னி போச்சு, டயாலிசிஸ்தான்" என்று அழவும் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள்.

சொறிக்கு மருத்துவர் தரும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் பக்கத்தில் படுக்கும் அக்காவிடமிருந்து திரும்ப வரும். வேப்பிலைக் குளியலை நான் தடுக்கவில்லை, அது மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். மருந்துக்கடை வைத்திருக்கும் என் மாணவர்களே, சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துக் கொடுக்காதீர்கள். அரிப்பு அடங்கும், சொறி மறைந்துகொண்டு பரவும். களிம்புக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் ஒன்று. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு தோல் நோயையும் பார்க்க வேண்டும் என்பது 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்திலேயே இருக்கிறது. குழு வரும் நாளில் சிரங்குப் பிள்ளையை "இன்னைக்கு வராதே" என்று வீட்டுக்கு அனுப்பிய பள்ளியைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையைத்தான் வரிசையில் முதலாவதாக நிறுத்த வேண்டும்.