ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

“மழைக்கே வழியில்லை, கிரகம் விட்டுக் கிரகம் போகிற படம் நமக்கு எதற்கு?” என்று கரிசல் காட்டுச் சம்சாரி கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தே ஆயுளைக் கழிக்கிறவன் அவனைவிட வேறு யார்? கோவில்பட்டி வட்டாரத்தில் பருத்தியும் கம்பும் உளுந்தும் வாய்க்கால் தண்ணீரிலா விளைகின்றன? ஐப்பசி மேகம் கண் திறந்தால் கஞ்சி, இல்லையேல் கடன். ஆகவே ஆகாயத்தைப் பற்றி ஒரு சினிமா பேசினால், அபிப்பிராயம் சொல்லும் உரிமை முதலில் நமக்கே உண்டு.

1963 ஏப்ரலில் வெளிவந்த “கலை அரசி” அப்படிப்பட்ட படம். ஏ. காசிலிங்கம் டைரக்ட் செய்தது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக் கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் கொழிக்கிறது. ஆனால் பாட்டும் ஆட்டமும் இல்லை. அந்தக் கிரகத்தார் பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, கலையில் தேர்ந்த வாணியைத் தூக்கிச் செல்கிறார்கள். அவளை நேசிக்கும் உழவன் மோகன் அங்கே போய், கோமாளி வேஷத்தில் அரண்மனைக்குள் நுழைந்து அவளை மீட்கிறான்.

விண்வெளிக்குப் போகிறவன் ராஜகுமாரன் அல்ல, ஏர் பிடிக்கும் உழவன்! இதற்காகவே கைதட்டலாம். எல்லாம் தெரிந்த கிரகத்தாரும் நம் மண்ணின் பாட்டைத் தேடி வருகிறார்கள் என்ற கற்பனையும் இனிக்கிறது.

ஆனால் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கிரகம் விட்டுக் கிரகம் பறக்கக் கற்றவர்களுக்கு, அரண்மனையையும் இளவரசியையும் கோமாளியையும் விட்டொழிக்கத் தெரியவில்லை! கலை வேண்டுமென்றால் கேட்டுக் கற்பதில்லை, கலைஞியையே கடத்துகிறார்கள். அன்று ஜமீன்தார் அடியாளை வைத்துச் செய்த வேலையை இவர்கள் மெஷினை வைத்துச் செய்கிறார்கள். விஞ்ஞானம் வளர்ந்தால் மட்டும் போதாது, அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்வியைப் படம் கேட்கவில்லை. காதலியை மீட்பது ஒன்றே மோகனுக்குக் கொடுத்த வேலை. அங்கே கண்ட விஞ்ஞானம் ஊர் உழவனுக்கு என்ன செய்யும் என்பது கதையின் கவலை அல்ல.

உழவனும் தொழிலாளியும் ஆகாயம் ஏறக் கோமாளி வேஷம்தான் போட வேண்டுமா? படம் வந்த இரண்டே மாதத்தில், 1963 ஜூன் 16 அன்று, வாலண்டினா தெரஷ்கோவா விண்ணேறிப் பூமியை 48 முறை சுற்றி வந்தார். விண்வெளி சென்ற முதல் பெண். யார் அவர்? டிராக்டர் ஓட்டியின் மகள். சோவியத் நாட்டின் யாரோஸ்லாவ்ல் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளி! ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பாராசூட்டில் குதிக்கப் பழகியவர். கோவில்பட்டி ஆலையில் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பும் நம் சகோதரி இந்தப் பெயரை அறிய வேண்டாமா?

வெகுதூரம் போவானேன்? குமரி மாவட்டத்து விவசாயி மகன் கே. சிவன், அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர். 2018இல் இஸ்ரோவின் தலைவரானார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து ரயில்வே டெக்னீஷியனின் மகன். இவர்களை ஏற்றிச் சென்ற பறக்கும் தட்டு எது? பள்ளிக்கூடம்!

இப்போது நமது தூத்துக்குடி மாவட்டத்திலேயே, குலசேகரன்பட்டினத்தில், ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் அதற்கு. வரட்டும், வரவேற்போம். ஆனால் வேலிக்கு வெளியே நின்று புகையைப் பார்த்துக் கைதட்டுவதற்கா நம் பிள்ளைகள்? காவல் வேலையும் கான்ட்ராக்ட் கூலியும் மட்டும்தானா நமக்கு?

கரிசல் கிராமத்துப் பள்ளி ஒவ்வொன்றிலும் விஞ்ஞான ஆசிரியரும் சோதனைக்கூடமும் வேண்டும். செயற்கைக்கோள் கண்ட மேகத்தின் சேதி, மானாவாரிச் சம்சாரி விதையைக் கையில் எடுக்கும் முன்னே அவன் காதுக்கு எட்ட வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் எத்தனையோ குழந்தைகள் பள்ளிக்குப் போகாமல் தீக்குச்சி அடுக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளாவது ராக்கெட்டின் கணக்கைப் போடட்டும்.

படத்தைப் பாருங்கள், பிள்ளைகளோடு பாருங்கள். பார்த்து முடித்ததும் அவர்களுக்குச் சொல்லுங்கள்: மோகனுக்கு வேஷம் தேவைப்பட்டது, உனக்குத் தேவையில்லை.