சான்றிதழ் இங்கே, சம்பளம் எங்கே?

அடையாறு பணிமனையிலே பேருந்தைவிட்டு இறங்குகிறாள் ஒரு தங்கை. தோளிலே பை, பைக்குள் உறை, உறைக்குள் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்விலே தேறியதற்கான சான்று, சொந்த ஊர்ப் பள்ளியிலே ஆறாண்டு கற்பித்த அனுபவச் சான்று. நெல்லைச் சீமையிலே பிறந்தவள். கணவனுக்குப் பட்டணத்திலே வேலை மாற்றம், குடும்பம் வந்தது, அவளும் வந்தாள். காந்தி நகரிலே ஒரு பள்ளி, சாஸ்திரி நகரிலே ஒரு பள்ளி, பெசன்ட் நகரிலே ஒரு பள்ளி. ஏறாத படியில்லை, எழுதாத விண்ணப்பமில்லை!

அவள் பெயரைச் சொல்லவில்லை நாம். ஏனெனில் அவள் ஒருத்தியல்ல. மதுரையிலிருந்து வந்தவள், மன்னார்குடியிலிருந்து வந்தவள், தருமபுரியிலிருந்து வந்தவள் என்று ஆயிரம் பேருடைய கதை இது.

தாளாளர் அறையிலே கேள்விகள் பிறக்கின்றன. "ஆங்கிலம் சரளமாக வருமா? சென்னையிலே கற்பித்ததுண்டா? வீட்டிலே கைக்குழந்தை இருக்கிறதா?" அத்தனைக்கும் விடை சொல்கிறாள். மாதிரி வகுப்பும் எடுத்துக் காட்டுகிறாள். பிள்ளைகள் சிரித்தமுகத்தோடு கேட்கிறார்கள். பிறகு, ஒரே ஒரு கேள்வியை அவள் கேட்கிறாள்: "சம்பளம் எவ்வளவுங்க ஐயா?"

அறை ஊமையாகிறது! "அதெல்லாம் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம் அம்மா. அசல் சான்றிதழ்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்."

கத்தரிக்காய்க்கு விலை கேட்டால் கடைக்காரர் சொல்கிறார். கல்வி தருபவளின் உழைப்புக்கு விலை கேட்டால் கண்ணியக் குறைவாம்! இதுவா நீதி?

எந்த மண்ணிலே நடக்கிறது இது என்பதை எண்ணிப் பாருங்கள். வந்தாரை வரவேற்ற மண்ணல்லவா அடையாறு! அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்காட், 1894ஆம் ஆண்டிலே, ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி தொடங்கியது இங்கேதான். இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார், 1939ஆம் ஆண்டிலே, அறுபத்தொன்பது வயதிலே, தொலைவைப் பெரிதென்று எண்ணாமல் வந்து, ஓலைக் குடிசைகளிலே முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு ஆசிரியப் பயிற்சி தந்ததும் இங்கேதான். புதுக்கோட்டையிலே பிறந்து, பட்டணம் வந்து, மருத்துவராகி, ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லத்தையும், 1954ஆம் ஆண்டிலே புற்றுநோய் மருத்துவமனையையும் தந்த முத்துலட்சுமி அம்மையாரின் உழைப்பு நின்று பேசுவதும் இங்கேதான்.

அயல்நாட்டு அம்மையாருக்கு ஓலைக் குடிசையிலே கிடைத்த மதிப்பு, நம் நெல்லைத் தங்கைக்கு மாடிக் கட்டடத்திலே கிடைக்கவில்லையே, ஏன்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆசிரியரைக் கட்டுவதற்கு நிறையவே இருக்கிறது! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்றது. சரி என்றோம். 2010ஆம் ஆண்டிலே தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. படித்தார்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் உச்சநீதிமன்றம், ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தேறியாக வேண்டும் என்றது. மீண்டும் புத்தகத்தைத் திறந்தார்கள். அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக் கூடாது என்கிறது. நல்லது; வகுப்பிலே மறைத்து வீட்டிலே விற்பது கூடாதுதான். ஆனால் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆசிரியரின் ஊதியமும் பணி நிபந்தனைகளும் விதிகளால் வகுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறதே! தகுதியைக் கேட்கும்போது கண்ணாடி போட்டுப் படிக்கப்படும் சட்டம், ஊதியத்தைக் கேட்கும்போது மட்டும் ஏன் மூடி வைக்கப்படுகிறது?

நீதிமன்றப் படியேறலாமே என்பார் சிலர். ஏறினார்கள். கோவாவிலே ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த வழக்கிலே, 1988ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்லர் என்று தீர்ப்பளித்தது. 2004ஆம் ஆண்டிலே, பணிக்கொடைச் சட்டத்தின்படி ஆசிரியர் 'ஊழியர்' அல்லர் என்றும் தீர்ப்பு வந்தது. தொழிலாளியுமல்ல, ஊழியருமல்ல, பின் யார்? "குரு" என்பார்கள், கும்பிடுவார்கள்! கும்பிட்ட கை கூலி கொடுக்காது என்றால், அந்தக் கும்பிடு நமக்கெதற்கு? 2009ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டென்றது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022ஆம் ஆண்டிலே உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

தனியார் பள்ளியை விட்டுத்தள்ளுங்கள், அரசுப் பள்ளியின் கதவைத் தட்டலாமே என்பீர்கள். அந்தக் கதவின் கதையையும் கேளுங்கள். 2012ஆம் ஆண்டு ஜூலையிலே தமிழகத்தின் முதல் தகுதித் தேர்வை எழுதியவர் ஆறு லட்சத்துக்கும் மேல். தேறியவர் 2,448 பேர்! ஒன்றரை மணி நேரத்திலே நூற்றைம்பது வினாக்கள். பிறகு நேரத்தை மூன்று மணியாக்கினார்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் தேர்வு நடத்த வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. நடந்ததோ, 2013க்குப் பிறகு 2017. அதன் பிறகு 2019. அதன் பிறகு 2022! தேறியவர்களுக்கும் 2018ஆம் ஆண்டிலே இன்னொரு போட்டித் தேர்வு என்று ஆணை பிறந்தது; இடைநிலை ஆசிரியர்க்கான அந்தத் தேர்வு நடந்ததோ 2024ஆம் ஆண்டிலே! காத்திருந்தவளின் கூந்தலிலே நரை விழுந்தது. கோப்பிலே தூசி விழுந்தது. எந்த ஆட்சியின் காலம் என்று பிரித்துப் பார்த்துப் பழிபோட நாம் வரவில்லை. நம்மவர் காலத்திலே நேர்ந்த தாமதமும் தாமதந்தான்.

1929ஆம் ஆண்டிலே செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று முழங்கியதோடு நிற்கவில்லை. பள்ளி ஆசிரியர் வேலையிலே பெண்களை அமர்த்த வேண்டும் என்றும் தீர்மானித்தது. சொந்தக் காலிலே நிற்பவளுக்கே சொந்தக் குரல் என்பதை உணர்ந்தவர்கள் செய்த தீர்மானம் அது. வேலை கொடுத்துவிட்டுக் கூலியை மறைத்தால், அந்தத் தீர்மானத்தின் உடலை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டோம் என்றுதான் பொருள்!

பள்ளி நடத்துவோரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்க மாட்டோம். கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்குத் தரும் 25 விழுக்காடு இடங்களுக்கான தொகை காலத்திலே வந்து சேர்வதில்லை என்கிறார்கள். உண்மைதான், அதை உடனுக்குடன் தர வேண்டியது அரசின் கடமை. ஆனால் அரசு வைத்த பாக்கியை ஆசிரியையின் அடுப்பிலே வசூலிப்பதா? பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்து குழு அமைத்தார்கள். பெற்றோர் தரும் பணத்துக்குக் கணக்குண்டு; ஆசிரியர் பெறும் பணத்துக்கு மட்டும் திரையா?

எனவே கேட்கிறோம்; கெஞ்சவில்லை, கேட்கிறோம்!

வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்யும் பள்ளி, அதே விளம்பரத்திலே ஊதியத்தையும் அச்சிடட்டும். கட்டண விவரம் கேட்கும் குழு, எந்த ஆசிரியருக்கு எவ்வளவு வங்கிவழி தரப்பட்டது என்ற பட்டியலையும் கேட்கட்டும். அசல் சான்றிதழைச் சரிபார்த்த அன்றே திருப்பித் தரட்டும். அது அவள் படித்த படிப்பு, அடகுக் கடை நகையல்ல! ஏப்ரலிலே அனுப்பிவிட்டு ஜூனிலே அழைத்து, பணிக்கொடைக்கான ஐந்தாண்டை எட்டவிடாமல் செய்யும் தந்திரம் ஒழியட்டும். தகுதித் தேர்வும் பணி நியமனமும் ஆண்டுதோறும் நடக்கட்டும்.

தங்கையே, உனக்கும் ஒரு சொல். நியமனக் கடிதம் இல்லாமல் வகுப்பிலே நுழையாதே. இருபது பேர் வேலை செய்யும் இடமென்றால் வருங்கால வைப்பு நிதி உன் உரிமை, கேட்டு வாங்கு. சம்பளம் கேட்பது பேராசையல்ல. சக ஆசிரியைகளோடு சேர்ந்து கேள். தனிக் குரலை வாசலிலே நிறுத்தலாம், கூட்டுக் குரலை நிறுத்த முடியாது.

நாளைக்கு நம் பிள்ளைக்கு, நிமிர்ந்து நில் என்று சொல்லித்தர வேண்டியவள் அவள். அவளைக் குனிய வைத்துவிட்டு, பிள்ளை மட்டும் நிமிர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்?